வேன் எர்ட் பொறி: கூடுப்பெட்டியைப் பிடித்துக்கொண்ட சிட்டுக்குருவிக்கு எது பலிக்கிறது, எது காசுக்குக் கேடு

வட அமெரிக்காவில் புளூபேர்ட், ட்ரீ ஸ்வாலோ போன்ற பொந்தில் கூடு கட்டும் பறவைகளுக்குக் கூடுப்பெட்டி வைத்திருப்பவர்களுக்கான மதிப்புரை இது; அந்தப் பெட்டிக்குள் புகும் சிட்டுக்குருவியைப் பிடிக்கும் பொறிதான் வேன் எர்ட். தலைப்பைப் பார்த்துவிட்டு ஊரில் இருப்பவர்கள் கோபப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் சிட்டுக்குருவி வரவேண்டும் என்று நாமே பெட்டி கட்டித் தொங்கவிடுகிறோம். டெல்லி அரசு 2012இல் அதை மாநிலப் பறவையாகவே அறிவித்தது. பிரிட்டனிலும் அது சட்டப் பாதுகாப்பில் உள்ள பறவைதான்; 2002 முதல் அங்கே சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே மதுரையிலோ லண்டனிலோ இந்தப் பொறியை மாட்ட நினைக்காதீர்கள்.

அமெரிக்காவில் கதை வேறு. 1850களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆட்களே கொண்டுவந்து விட்ட பறவை அது. இன்று கண்டம் முழுக்கப் பரவியிருக்கிறது. பொந்தில் கூடு கட்டும் உள்ளூர்ப் பறவைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வெறுமனே விரட்டுவதோடு நிற்பதில்லை, பெட்டிக்குள் அடைகாக்கும் புளூபேர்டைத் தலையில் கொத்திக் கொன்றுவிட்டு அதன்மேலேயே தன் கூட்டைக் கட்டுகிறது. 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டம் உள்ளூர்ப் பறவைகளைக் காக்கிறது. சிட்டுக்குருவி, மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங், மாடப்புறா மூன்றும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே. மாநில விதியும் நகராட்சி விதியும் தனி என்பதால் அதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், குறிப்பாகப் பிடித்த பறவையை வேறிடத்தில் கொண்டுபோய் விடுவது பற்றி.

இனி பொறிக்கு வருவோம். வேன் எர்ட் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகத் தகடு, ஒரு ஸ்பிரிங், ஒரு மெல்லிய கம்பி நெம்பு, அவ்வளவுதான். பெட்டியின் முன்பலகையில், நுழைவுத் துளைக்குக் கீழே, உள்பக்கமாக இரண்டு சிறு ஸ்க்ரூவில் மாட்ட வேண்டும். குருவி உள்ளே குதிக்கும்போது நெம்பை மிதிக்கும். தகடு மேலே எகிறித் துளையை அடைத்துவிடும். பறவைக்கு அடி எதுவும் படாது. தகட்டில் ஆரஞ்சு நிறப் புள்ளி ஒன்று இருக்கும். பொறி விழுந்தால் அது துளை வழியாக வெளியே தெரியும். சமையலறை ஜன்னலில் நின்றே, தேவைப்பட்டால் பைனாகுலர் வைத்து, விழுந்ததா இல்லையா என்று பார்த்துக்கொள்ளலாம். இந்தச் சின்னப் புள்ளிதான் மற்ற பெட்டிப் பொறிகளிலிருந்து இதைத் தூக்கி நிறுத்துகிறது. மரத்துண்டிலும் கம்பியிலும் வீட்டிலேயே செய்துகொள்ளும் ஹூபர் பொறியும் இதே தத்துவம்தான். நன்றாகவே பிடிக்கும், ஆனால் கைவேலை சுத்தமாக இருக்க வேண்டும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது உயரம். தகடு எகிறி நிற்கும்போது துளை முழுவதும் மூட வேண்டும். மேலே அரை அங்குலம் இடைவெளி விட்டால் குருவி தலையைக் கொடுத்து நெம்பிக்கொண்டு போய்விடும், அதற்குப் பிறகு அந்தப் பெட்டிப் பக்கம் சந்தேகத்தோடுதான் வரும். ஸ்க்ரூவை முழுக்க இறுக்கும் முன் ஒரு பென்சிலைத் துளை வழியாக விட்டு நெம்பைத் தட்டிப் பாருங்கள். நான்கைந்து முறை தட்டி, ஒவ்வொரு முறையும் தகடு தடையில்லாமல் எழுந்தால்தான் சரி. குஞ்சுகள் ஏறி வெளியேற வசதியாக முன்பலகையின் உள்பக்கம் கோடு கிழித்திருப்பார்கள், சிலர் கம்பிவலை அடித்திருப்பார்கள். கோடு பரவாயில்லை. வலை இருந்தால் தகடு சிக்கும். அந்த இடத்தில் வலையை வெட்டிவிட வேண்டும்.

கூடு ஏற்கெனவே பாதி கட்டியிருந்தால், அதுதான் பொறி விழாமல் போவதற்கு முதல் காரணம். சிட்டுக்குருவி பெட்டியைக் கழுத்துவரை அடைக்கிற பறவை. வைக்கோல், கோழி இறகு, பாலிதீன் துண்டு, சிகரெட் பஞ்சு, டிஷ்யூ காகிதம் என்று கிடைத்ததையெல்லாம் திணித்து, மேலே கூரைபோல வளைத்து, பக்கவாட்டில் ஒரு சுரங்க வழி விட்டிருக்கும். அந்த வைக்கோலில் ஒரு துரும்பு தகட்டுக்கு அடியில் போனாலும் ஸ்பிரிங் பாதியில் நின்றுவிடும். அதற்காக மொத்தக் கூட்டையும் வழித்தெடுத்துவிடாதீர்கள். மேல்பாதியை எடுத்து, நெம்புக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டு, மீதியை அப்படியே விடுங்கள். தன் கூடு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் ஆண் குருவி திரும்ப உள்ளே வரும்.

ஆண் குருவி என்று சொல்வது காரணத்தோடுதான். இந்தப் பறவையில் ஆணுக்குத் துணையைவிட இடத்தின்மீது பிடிமானம் அதிகம். கூட்டைக் கலைத்தால் அதே நாளில் மறுபடி வைக்கோல் சுமக்கத் தொடங்கும். பெட்டைக் குருவி மட்டும் மாட்டினால் வேறொரு பெட்டையைக் கூப்பிட்டுக்கொள்ளும். வாரம் ஒருமுறை கூட்டைக் கலைப்பதே போதும் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கூடு போன ஆண், ஆத்திரத்தில் பக்கத்துப் பெட்டிகளில் புகுந்து புளூபேர்ட் முட்டையைக் கொத்தி வெளியே தள்ளுவது இங்கே எல்லாப் பெட்டிக்காரர்களும் அறிந்த விஷயம். ஆணைப் பிடிக்கும்வரை கூட்டைக் கலைக்காமல் இருப்பதே மேல். முட்டை வைத்துவிட்டதென்றால் முட்டையை மட்டும் செயலிழக்கச் செய்யலாம்: சமையல் எண்ணெயை முட்டை ஓடு முழுக்கத் தடவித் திரும்ப வைத்தால் காற்று போகாது, பொரியாது. பெட்டை அடைகாத்துக்கொண்டே கிடக்கும், ஆணும் வேறு பெட்டி தேடாமல் இருக்கும்.

பொறி பிடிக்கிறதா என்றால், பிடிக்கிறது. ஆணின் நடமாட்டத்தைப் பார்த்து, பெட்டியின் கூரையில் உட்கார்ந்து விடாமல் கத்தும் காலை நேரத்தில் வைத்தால் பெரும்பாலும் அதிக நேரம் ஆவதில்லை. ஆனால் இந்தப் பொறியின் உண்மையான விலை டாலரில் இல்லை. பொறி வைத்திருக்கும் நேரமெல்லாம் நீங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஆரஞ்சுப் புள்ளியைப் பார்க்க வேண்டும்; அதிகபட்சம் ஒரு மணி. உள்ளே மாட்டியது சிக்கடி, ரென் போன்ற உள்ளூர்ச் சிறுபறவையாகவோ புளூபேர்டாகவோ இருக்கலாம். அது எங்கோ முட்டையை விட்டுவிட்டு வந்திருக்கலாம். வெயில் ஏறினால் மூடிய பெட்டிக்குள் எந்தப் பறவையும் தாங்காது. காலையில் பொறியை வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போகிறவர் இதை வாங்கவே கூடாது. சாயங்காலம் இருட்டும் முன் பொறியைக் கழற்றிவிட வேண்டும். ஸ்க்ரூவை மட்டும் பெட்டியிலேயே விட்டுவிட்டால் மறுநாள் மாட்ட நொடி போதும்.

உள்ளூர்ப் பறவை முட்டையோ குஞ்சோ வைத்திருக்கும் பெட்டியில் இதை வைக்கவே கூடாது. அது வெறும் அறிவுரை இல்லை, சட்டம். அதனால் பெட்டிக்குள் இருப்பது யாருடைய கூடு என்று தெரியாமல் பொறியைத் தொடாதீர்கள். புளூபேர்ட் கூடு மெல்லிய காய்ந்த புல்லிலோ பைன் ஊசியிலோ சுத்தமான கிண்ணமாக இருக்கும். முட்டை பெரும்பாலும் வெளிர்நீலம், புள்ளி கிடையாது. ட்ரீ ஸ்வாலோ புல்லின்மேல் இறகு பரப்பும், முட்டை தூய வெள்ளை. ரென் குச்சிகளை அடுக்கும். சிக்கடி பாசியில் கட்டும். அதன் முட்டை வெள்ளையில் செம்பழுப்புப் புள்ளி என்பதால் சிட்டுக்குருவி முட்டை என்று ஏமாறுபவர்கள் உண்டு. சிட்டுக்குருவி முட்டை அதைவிடப் பெரிது, சாம்பல் கலந்த வெண்மையில் பழுப்பும் சாம்பலுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். கூட்டின் குப்பைக் கோலமே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

பொறி விழுந்துவிட்டது. இப்போது பெட்டியைத் திறந்தால் குருவி பறந்துவிடும், அடுத்த முறை மாட்டாது. பெரிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையையோ துணி துவைக்கும் வலைப்பையையோ பெட்டி முழுவதற்கும் மேலிருந்து கவிழ்த்து, கீழே கம்பத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பையின் மேலாகவே கதவைத் திறக்க வேண்டும். குருவி வெளிச்சத்தைப் பார்த்துப் பையின் மேல்மூலைக்குப் போகும். அங்கே மடித்துப் பிடித்துவிட்டால், கையை உள்ளே விட்டு எடுத்துக்கொள்ளலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கொத்து வலிக்காது, ஆனால் கூட்டில் செள் பூச்சியும் எச்சமும் இருக்கும். பழைய கூட்டை வழிக்கும்போது முகக்கவசமும் தேவை, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கையில் எடுத்ததும் இன்னொரு முறை பாருங்கள். ஆணுக்குச் சாம்பல் நிற உச்சந்தலை, செம்பழுப்புப் பிடரி, வெளுத்த கன்னம், தொண்டையில் கறுப்பு. ஹாரிஸ் ஸ்பேரோவுக்கும் டிக்சிஸலுக்கும்கூடத் தொண்டையில் கறுப்பு உண்டு, அவை காப்புக்குரியவை. பெட்டையில்தான் அதிகம் தவறு நடக்கும். சிட்டுக்குருவிப் பெட்டையின் மார்பில் கோடு இருக்காது, வெறும் அழுக்கு மண்நிறம், கண்ணுக்குப் பின்னால் வெளிறிய பட்டை. மார்பில் கோடு இருந்தால் அது ஹவுஸ் ஃபின்ச்சோ சாங் ஸ்பேரோவோ, உடனே விட்டுவிடுங்கள். சந்தேகம் என்றாலும் விட்டுவிடுங்கள்.

பிடித்த பிறகு என்ன செய்வது என்பதைப் பொறி விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். பத்து மைல் தள்ளிப் போய் விடுவது அடுத்தவர் பெட்டிக்கு உங்கள் பிரச்சினையை அனுப்புவது. பல இடங்களில் அது விதிமீறலும்கூட. பருந்து, ஆந்தை போன்ற வேட்டைப் பறவைகளை வைத்துப் பராமரிக்கும் மறுவாழ்வு மையங்கள் சில, முன்கூட்டிப் பேசினால் அவற்றுக்குத் தீனியாக ஏற்றுக்கொள்ளும். நீங்களே கொல்வதென்றால் வலியில்லாமல், ஒரே நொடியில் முடிய வேண்டும். தண்ணீரில் முக்குவது, உயிரோடு ஃப்ரீசரில் வைப்பது, கார் புகையை அடைத்துக் கொல்வது எல்லாவற்றையும் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி நிராகரிக்கிறது. மார்பை அமுக்கிக் கொல்வதையும் நினைவுள்ள பறவையிடம் செய்யக் கூடாது என்கிறது. பழைய கையேடுகளில் அந்த முறை இன்னும் கிடக்கிறது. கழுத்தெலும்பை இழுத்து விலக்கும் முறை ஏற்கப்பட்டது, ஆனால் தெரிந்தவர் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்க வேண்டும். இதற்கு மனம் ஒப்பாதவர்கள் நிறையப் பேர். அதில் குறையில்லை, அப்படியானால் பொறி வேண்டாம், கீழே சொல்லும் தடுப்பு முறைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தரையில் வைக்கும் கூண்டுப் பொறிகள்தான் கடைகளில் முதலில் கண்ணில் படும். பெரிதாக இருப்பதால் பெரிதாகப் பிடிக்கும் என்ற எண்ணம் வருகிறது. இவற்றில் நல்லது என்றால் எடைத்தட்டு உள்ள வகை: குருவி தானியத்தைப் பார்த்து ஒரு சிறு அறைக்குள் நுழையும், அதன் எடையில் அறை கீழே இறங்கும், குருவி பக்கத்துக் கூண்டுக்குள் போகும், எதிர் எடை அறையை மறுபடி மேலே தூக்கி அடுத்ததற்குத் தயாராக வைக்கும். சிட்டுக்குருவியின் எடை ஏறக்குறைய 28 கிராம். அந்த அளவு எடைக்கு இயங்க வேண்டிய தராசு என்பதால், தரை சாய்ந்திருந்தாலோ, கீலில் உமியும் எச்சமும் சேர்ந்தாலோ, துரு பிடித்தாலோ இறங்காது. வாரம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷால் கீலைச் சுத்தம் செய்வது இதற்குக் கட்டாயம்.

முதல் நாளே கதவை இயங்க விட்டுவிடுவது பலர் செய்யும் பிழை. குருவிகள் ஏற்கெனவே கூடி மேயும் இடத்தில் கூண்டை வைத்து, பொறியை இயங்காமல் கட்டிவிட்டு, சில நாள் வெள்ளைத் தினையும் உடைத்த மக்காச்சோளமும் ரொட்டித் தூளும் போட்டுப் பழக்குங்கள். பிறகு வெளியே கொஞ்சம், உள்ளே நிறைய. பிடித்தவற்றில் ஓரிரண்டைத் தண்ணீரும் தீனியும் நிழலும் கொடுத்து உள்ளேயே விட்டுவைத்தால் மற்றவை தைரியமாக வரும். கூட்டமாக வாழும் பறவை அது. பகலில் பலமுறை பார்க்க வேண்டும், இரவில் கூண்டை வெளியே வைத்திருக்கக் கூடாது. பூனையும் ரக்கூனும் கம்பி வழியாகக் கையை விடும். இதில் உள்ளூர்ப் பறவைகள் மாட்டும் வாய்ப்பு அதிகம்; பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும் கவ்பேர்ட் மாட்டினால், அது எவ்வளவு வெறுக்கப்பட்டாலும் உள்ளூர்ப் பறவை, விட்டாக வேண்டும். தீனி குறையும் குளிர்கால இறுதியிலும், இளங்குருவிகள் கூட்டமாகச் சுற்றும் கோடை இறுதியிலும் இது நன்றாக வேலை செய்யும். ஏப்ரல், மே மாதங்களில் பெட்டியைப் பிடித்துவைத்திருக்கும் ஓர் ஆணைக் குறிவைக்க இது ஒத்துவராது. வேன் எர்ட்டைப் போலப் பல மடங்கு விலை. இரண்டு மூன்று பெட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு இது வேண்டாம். பண்ணைக்கும், கூட்டமாகக் கூடு கட்டும் மார்ட்டின் பறவைகளுக்கு வீடு வைத்திருப்பவர்களுக்கும் சரி.

கொல்லாமல் தடுக்கும் பொருள்களில் மதிப்பெண் ஸ்பூக்கருக்குத்தான். பெட்டியின் கூரைக்கு மேலே ஒரு கம்பி நீட்டி, அதிலிருந்து ஓர் அங்குல அகலத்தில் பளபளக்கும் மைலார் நாடாக்கள் கூரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கும். சிட்டுக்குருவிக்கு இந்த ஆட்டம் பிடிப்பதில்லை. வைக்கும் நேரம் முக்கியம்: புளூபேர்ட் முதல் முட்டை இட்ட பிறகுதான். அதற்கு முன் வைத்தால் புளூபேர்டே பயந்து போய்விடும்; முட்டை வந்துவிட்டால் விட்டுப் போகாது. குஞ்சுகள் பறந்த அன்றே கழற்றிவிடுங்கள், வருடம் முழுக்கத் தொங்கினால் குருவிக்குப் பழகிவிடும். கடையில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. முதலுதவிப் பெட்டியில் வரும் வெள்ளிநிறப் போர்வை ஒன்றை வெட்டினால் பத்துப் பெட்டிக்கு ஆகும். காற்றில் நாடாக்கள் கம்பியில் சுற்றிக்கொள்ளும். அவ்வப்போது போய் எடுத்துவிட வேண்டும்.

தீனித்தட்டுக்கு மீன்பிடி நரம்பு. தட்டைச் சுற்றி வளையம் கட்டி, நான்கு பக்கமும் நரம்பைத் தொங்கவிட்டு அடியில் சிறு எடை கட்டினால் சிட்டுக்குருவி ஒதுங்குகிறது, மற்றவை சட்டை செய்வதில்லை. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தினர் இதை ஆராய்ந்து 1991இல் வெளியிட்டார்கள். ஏன் பயப்படுகிறது என்பதற்கு முடிவான விளக்கமில்லை. இளங்குருவிகள் பயப்படுவது குறைவு. இதோடு வெள்ளைத் தினை, மக்காச்சோளம் இரண்டையும் நிறுத்திவிட்டு நைஜர் விதையும் சாஃப்ளவர் விதையும் போட்டால் பாதிக் கூட்டம் தானாகக் குறையும். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கிற நம் வீடுகளில் இன்னொரு சங்கதியும் உண்டு: கொல்லைத் திண்ணையில் மீந்து கிடக்கும் சோற்றுப் பருக்கை சிட்டுக்குருவிக்கும் ஸ்டார்லிங்குக்கும் விருந்து. காக்கை எடுத்தவுடன் மீதியைத் துடைத்துவிடுங்கள்.

துளையின் அளவு பற்றிப் பலருக்கு மயக்கம். ஈஸ்டர்ன் புளூபேர்டுக்கு ஒன்றரை அங்குலம் தேவை, அதில் சிட்டுக்குருவி சாவகாசமாக நுழையும். ஒன்றேகால் அங்குலத்திலும் நுழையும். ஒன்றே அரைக்கால் (1 1/8) அங்குலத்துக்குக் குறைத்தால் நுழையாது, ஆனால் அப்போது சிக்கடிக்கும் ரென்னுக்கும்தான் அந்தப் பெட்டி. மார்ட்டின் வீடுகளில் வரும் பிறை வடிவத் துளை ஸ்டார்லிங்கைத் தடுக்கும், சிட்டுக்குருவியைத் தடுக்காது. அளவு சொல்லாமல் குருவி புகாது என்று விளம்பரப்படுத்தும் பெட்டியை நம்பாதீர்கள். பிவிசி குழாயில் செய்யும் கில்பர்ட்சன் பெட்டியை அது அவ்வளவாக விரும்புவதில்லை என்பது உண்மை. வேறு இடம் கிடைக்காவிட்டால் அதிலும் ஏறிவிடும்.

கட்டடத்துக்கு இந்தப் பொறிகள் எதுவும் தீர்வில்லை, அடைப்பதுதான் வழி. முக்கால் அங்குலத்துக்கு மேலான எந்த இடுக்கிலும் சிட்டுக்குருவி புகும். வலை போடுவதென்றால் 19 மில்லிமீட்டர் கண்ணி. புறாவுக்குப் போடும் 50 மில்லிமீட்டர் வலையை மாட்டிவிட்டுப் போகும் சேவைக்காரர்கள் இருக்கிறார்கள், கண்ணியை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். சுற்றிலும் எஃகுக் கம்பி இழுத்து, வலை தொய்யாமல் இருக்க வேண்டும். தொய்ந்த ஓரத்தில்தான் உள்ளே போகும். குளியலறைக் காற்றுக் குழாய்க்கு அரை அங்குலக் கம்பிவலை போதும். துணி உலர்த்தும் ட்ரையரின் குழாய்க்கு மட்டும் வலை அடிக்கவே கூடாது. பஞ்சு அடைத்துத் தீப்பிடிக்கும். அதற்கென்று விற்கும், கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய மூடியைப் போடுங்கள். போடும் முன் உள்ளே குஞ்சில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூர்முனைப் பட்டைகள் புறாவுக்கு. சிட்டுக்குருவி அந்த முனைகளுக்கு நடுவிலேயே வைக்கோலைச் சொருகிக் கூடு கட்டும். பிளாஸ்டிக் ஆந்தை சில நாள் பொம்மை. அல்ட்ராசோனிக் கருவி சுத்த வீண், அந்த ஒலி பறவையின் காதுக்கே எட்டாது. பிசின் அட்டையும் ஒட்டுப் பசையும் எந்தப் பறவையையும் பாகுபாடு பார்க்காமல் சிறகோடு பிடித்துச் சித்திரவதை செய்யும், அவற்றை வாங்காதீர்கள்.

வேன் எர்ட் வாங்குபவர்கள் பெட்டிக்கு ஒன்று வாங்க வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் கண்காணிக்க முடியாது, ஆக இரண்டு போதும். எல்லாப் பெட்டியிலும் ஸ்க்ரூ மட்டும் முன்கூட்டி அடித்து வையுங்கள். பக்கவாட்டிலோ முன்பக்கமோ திறக்கும் பெட்டிக்குத்தான் இது வசதி. கூரை மட்டும் திறக்கும் பழைய பெட்டியில் ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விடுவதற்குள் பொறுமை போய்விடும். பருவம் முடிந்ததும் கழற்றி, ஸ்பிரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தகட்டை எழுப்பிய நிலையிலேயே வையுங்கள். இழுத்துப் பிடித்த நிலையில் குளிர்காலம் முழுக்கக் கிடந்தால் ஸ்பிரிங் தளர்ந்து, மார்ச்சில் துளை பாதிதான் மூடும்.